ஒழுகவில்லை என்றால் ஃபிட்டிங் சரியாக இருக்கிறது என்று யார் சொன்னது?

எச்பிஎல்சியில் (பொடி நிரப்பிய கொலம் என்கிற குழாய் வழியே அழுத்தத்தில் திரவத்தைத் தள்ளி, கலவையைப் பிரித்து, ஒவ்வொரு பொருளையும் குரோமட்டோகிராம் என்கிற வரைபடத்தில் ஒரு பீக்காகக் காட்டும் மெஷின்) பீக் அகலமாகிவிட்டது, வால் இழுக்கிறது, பிளேட் கவுண்ட் (பிரிப்பு எவ்வளவு கூர்மை என்று காட்டும் எண்) பாதியாகிவிட்டது என்றதும் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது கொலத்தைத்தான். புதுக் கொலம் எடுத்து மாட்டுவார்கள், அதிலும் அதே வால். அப்புறம் மொபைல் ஃபேஸை (கொலம் வழியே ஓடும் கரைப்பானை) மறுபடி தயாரிப்பார்கள், பிஹெச் பார்ப்பார்கள், டிடெக்டர் லேம்ப் எத்தனை மணிநேரம் எரிந்திருக்கிறது என்றுகூடப் பார்ப்பார்கள். கொலத்தின் இரண்டு முனையிலும் டியூபை இணைக்கிற ஃபிட்டிங்கை, அந்தச் சின்ன நட்டை மட்டும் யாரும் கழற்றிப் பார்க்க மாட்டார்கள். கேட்டால் "அதுதான் லீக் ஆகலையே" என்பார்கள்.

லீக் ஆகவில்லைதான், சரி. ஆனால் எச்பிஎல்சியில் ஒரு இணைப்புக்கு இரண்டு வேலை இருக்கிறது. அழுத்தத்தைத் தாங்கித் திரவத்தை வெளியே விடாமல் பிடிப்பது ஒன்று. டியூபின் நுனி போர்ட்டின் (டியூப் போய் உட்காரும் துளையின்) அடியைத் தொட்டுக்கொண்டு, நடுவில் இடைவெளியே இல்லாமல் நிற்க வேண்டும் என்பது இன்னொன்று. முதல் வேலை கெட்டால் கண்ணுக்குத் தெரியும், தரை ஈரமாகும், லீக் சென்சார் கத்தும். இரண்டாவது கெட்டால் எதுவும் ஒழுகாது, பிரஷர்கூட வழக்கம்போலவே இருக்கும், குரோமட்டோகிராம் மட்டும் அசிங்கமாகும். அதனால்தான் பழி கொலத்தின் மேல் விழுகிறது.

எவ்வளவு இடைவெளி இருந்தால் எவ்வளவு கெடுதல் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்புறம் ஃபிட்டிங்கைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் 1/16 இன்ச் டியூபின் வெளிவிட்டம் சுமார் 1.6 மி.மீ. நுனி அடியைத் தொடாமல் 1 மி.மீ. மேலே நின்றுவிட்டால் அந்தக் காலியிடத்தின் கொள்ளளவு ஏறக்குறைய 2 மைக்ரோலிட்டர். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். 4.6 x 250 மி.மீ. கொலத்தில் உண்மையிலேயே அது ஒன்றுமில்லைதான்: 5 மில்லிலிட்டரில் வெளியே வரும் பீக், 10,000 பிளேட் என்று வைத்துக்கொண்டால், அதன் சிக்மா (பீக்கின் அகலத்துக்கான அளவு) 50 மைக்ரோலிட்டர். வேரியன்ஸ், அதாவது சிக்மாவின் வர்க்கம், 2,500. காலியிடம் மோசமான நிலையில் ஒரு மிக்ஸிங் அறை மாதிரி நடந்துகொண்டால் அதன் பங்கு 2-இன் வர்க்கம், அதாவது 4. இரண்டாயிரத்து ஐந்நூறோடு நாலைச் சேர்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

இப்போது அதே ஃபிட்டிங்கை 2.1 x 50 மி.மீ. கொலத்தில் போடுங்கள். பீக் 200 மைக்ரோலிட்டரில் வருகிறது, அதே 10,000 பிளேட், சிக்மா வெறும் 2 மைக்ரோலிட்டர், வேரியன்ஸ் 4. இதோடு இன்னொரு 4 சேர்கிறது. பிளேட் கவுண்ட் நேர் பாதி. கொலத்தில் ஒரு குறையும் இல்லை. நீளமான பழைய கொலங்களில் வேலை பார்த்துப் பழகிய கைகள் யுஎச்பிஎல்சிக்கு (சின்னக் கொலம், இன்னும் அதிக அழுத்தம்) மாறும்போது திணறுவது பெரும்பாலும் இங்கேதான், பழைய மெஷின் மன்னித்துக்கொண்டிருந்த பழக்கங்களைப் புது மெஷின் மன்னிப்பதில்லை.

அகலமாவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. டியூப் நுனியைச் சுற்றி இருக்கும் அந்த மூலை ஓடுகிற ஆற்றின் ஓரத்தில் தேங்கிய குட்டை மாதிரி. சாம்பிளில் கொஞ்சம் அதற்குள் போய் மாட்டிக்கொண்டு, நிதானமாக, தன் இஷ்டத்துக்குத் திரும்பி வரும். அதுதான் வால். இன்ஜெக்டர் பக்கம் இப்படி ஒரு குட்டை இருந்தால் அடுத்த பிளாங்க் (சாம்பிள் இல்லாத) ஓட்டத்திலும் கொஞ்சம் தலைகாட்டும், நாம் கேரிஓவர், ஊசியில் ஒட்டிய பழைய சாம்பிள் என்று சொல்லி நீடில் வாஷை மாற்றிக்கொண்டிருப்போம்.

இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் ஃபிட்டிங்கை ஒரு போர்ட்டிலிருந்து கழற்றி வேறொரு போர்ட்டில் மாட்டுவதால். ஸ்டீல் ஃபெரூலை (நட்டுக்கு முன்னால் டியூபைச் சுற்றி உட்காரும் கூம்பு வளையத்தை) முதல் முறை முறுக்கும்போது அது டியூபைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும், அதற்கப்புறம் நகராது. அந்த முதல் முறை எந்தப் போர்ட்டில் முறுக்கினீர்களோ அதன் ஆழத்துக்கு ஏற்றபடி ஃபெரூலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் டியூபின் நீளம் நிரந்தரமாகிவிடுகிறது. மரை ஏறக்குறைய எல்லாக் கம்பெனிக்கும் 10-32 தான், எதை எங்கே வேண்டுமானாலும் முறுக்கலாம், உள்ளே போகும். ஆழம்தான் வேறு. பொதுவாகக் குறிப்பிடப்படும் அளவுகளில் வேட்டர்ஸ் போர்ட் 0.130 இன்ச், ஸ்வேஜ்லாக், பார்க்கர் வகை 0.090, வால்கோ 0.080, ரியோடைன் வால்வு 0.170. மரை ஒன்றாக இருப்பதுதான் இங்கே வில்லன். மரை பொருந்தாமல் இருந்திருந்தால் யாரும் தப்பாக மாட்டவே முடியாது.

0.090-இல் கடித்த டியூபை 0.130 போர்ட்டில் மாட்டினால் 0.040 இன்ச் குறைகிறது. அதாவது 1 மி.மீ., மேலே கணக்குப் போட்ட அதே 1 மி.மீ. ஃபெரூல் தன் கூம்பில் நன்றாக உட்கார்ந்திருக்கும், சொட்டுக்கூட வராது. தலைகீழாக, 0.130-இல் கடித்ததை 0.090-இல் மாட்டினால் நுனி முதலில் அடியில் முட்டிவிடும், ஃபெரூல் கூம்பைத் தொடாது, ஒழுகும். ஒழுகினால் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன், குறைந்தபட்சம் தெரிந்துவிடுகிறது. என்ன, உடனே ஸ்பேனரை எடுத்து இன்னும் இரண்டு சுற்று முறுக்குகிறவர்கள்தான் கொலத்தின் வாயைக் கெடுப்பது.

முறுக்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. புது ஸ்டீல் ஃபெரூல் என்றால் நட்டையும் ஃபெரூலையும் டியூபில் கோத்து, டியூபைப் போர்ட்டுக்குள் விட்டு, அடியில் முட்டும்வரை தள்ளி, அப்படியே அமுக்கிப் பிடித்தபடி கையால் முறுக்க வேண்டும். கை நின்ற இடத்திலிருந்து ஸ்பேனரால் முக்கால் சுற்று. அவ்வளவுதான். மறுபடி அதே போர்ட்டில் மாட்டும்போது கை நின்றதற்கு மேல் கால் சுற்றோ அதற்கும் குறைவோ போதும். தள்ளிப் பிடிக்கிற அந்த ஒரு விஷயத்தை விட்டுவிட்டால் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் பயனில்லை, ஏனென்றால் முறுக்கும்போது டியூப் லேசாகப் பின்னால் வரும், ஃபெரூல் அங்கேயே கடித்துவிடும். கொலத்தில் முறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று கொலத்தின் முனையைப் பிடிக்க, ஒன்று நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பேனரால் திருப்பினால் கொலத்தின் மூடியே கூடச் சேர்ந்து சுழலலாம், அப்படிச் சுழன்றால் உள்ளே பேக்கிங் போச்சு.

கசிகிற இடத்தில் டெஃப்லான் டேப் சுற்றுவதை இன்னும் பார்க்கிறேன். வீட்டுத் தண்ணீர்க் குழாயில் மரையே அடைப்பாக வேலை செய்கிறது, அங்கே டேப் சரி. இங்கே அடைப்பது ஃபெரூலும் கூம்பும்தான், மரை வெறுமனே அழுத்திப் பிடிக்கிறது. டேப் சுற்றினால் லீக்கும் நிற்காது, டேப்பின் நூல் ஒன்று உள்ளே போய் ஃப்ரிட்டை (கொலத்தின் வாயில் இருக்கும் நுண்சல்லடையை) அடைக்கும், அப்புறம் அது தனிப் பிரச்சினை.

இன்னொன்று, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே நட்டை முறுக்குவது. ஒழுகுகிறது, ஓட்டத்தை நிறுத்த மனமில்லை, அப்படியே ஒரு திருப்பு. பீக் நட்டில் (குரோமட்டோகிராமில் வரும் பீக் இல்லை, பிளாஸ்டிக் பீக், இனி அதைப் பிளாஸ்டிக் என்றே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே குழம்பும்) இதைச் செய்தால் உள்ளே அழுத்தம் டியூபைப் பின்னால் தள்ளிக்கொண்டிருக்கும்போதே நாம் ஃபெரூலை இறுக்குகிறோம். கசிவு நின்றுவிடும், டியூப் பின்வாங்கிய நிலையிலேயே பூட்டப்பட்டிருக்கும். ஒழுகிக்கொண்டிருந்த நல்ல இணைப்பை ஒழுகாத கெட்ட இணைப்பாக மாற்றியாயிற்று. பம்பை நிறுத்துங்கள், பிரஷர் பூஜ்யத்துக்கு வரட்டும், நட்டைத் தளர்த்துங்கள், டியூபை அடிவரை தள்ளுங்கள், பிறகு முறுக்குங்கள். இரண்டு நிமிட வேலை. யுஎச்பிஎல்சியில் 1,000 பாருக்கு மேல் ஓடுகிற இணைப்பில் ஸ்பேனர் வைப்பது குரோமட்டோகிராமுக்கு மட்டுமல்ல, கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து.

பிளாஸ்டிக் நட்டின் வசதி எல்லோருக்கும் தெரியும்: கையால் முறுக்கலாம், எந்தப் போர்ட்டிலும் ஒவ்வொரு முறையும் புதிதாக உட்காரும், ஆழத் தகராறு கிடையாது. தொல்லை என்னவென்றால் அது டியூபைக் கடிப்பதில்லை, இறுக்கிப் பிடிக்க மட்டும் செய்கிறது. ஸ்டீல் டியூபின் வழுவழுப்பில் அந்தப் பிடி நழுவும். அழுத்தம் ஏறஏற டியூப் மயிரிழையாகப் பின்னால் வரும். காலையில் நன்றாக ஓடிய சிஸ்டம் சாயங்காலம் வால் இழுக்கிறது என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கொலம் ஓவனுக்குள் நிலைமை இன்னும் மோசம், 60 டிகிரியில் பிளாஸ்டிக் கொஞ்சம் இளகும், ஓவனை அணைத்து மறுநாள் போட்டால் பிடி தளர்ந்திருக்கும். அதனால் சூட்டிலும் உயர் அழுத்தத்திலும் ஸ்டீல்தான் என் கட்சி.

கரைப்பான்களையும் யோசிக்க வேண்டும். தண்ணீர், மெத்தனால், அசிட்டோநைட்ரைல் வரைக்கும் பிளாஸ்டிக்குக்குக் கவலையில்லை. டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்), டைகுளோரோமீத்தேன், குளோரோஃபார்ம் ஓட்டினால் அது உப்பும், அடர் கந்தக அமிலமும் அடர் நைட்ரிக் அமிலமும் அதை நேரடியாகவே அரிக்கும். ஸ்டீலும் சாகாவரம் பெற்றதல்ல: குளோரைடு உள்ள அமிலக் கரைசலை இரவு முழுக்க நிற்க விட்டால் 316 ஸ்டீலும் அரிக்கும், துரு கரைந்து கொலத்தின் தலையில் போய் உட்காரும்.

நுனியில் அடைக்கிற புது வகை ஃபிட்டிங்குகள் (தெர்மோவின் வைப்பர், அஜிலென்டின் ஏ-லைன் மாதிரி) இந்தச் சண்டையில் பாதியை முடித்துவைத்தன. அடைப்பு டியூபின் முன்முனையிலேயே நடப்பதால் இடைவெளிக்கு இடமே இல்லை, ஏ-லைனில் ஒரு ஸ்பிரிங் டியூபை அடியை நோக்கித் தள்ளிக்கொண்டே வேறு இருக்கிறது. விலை அதிகம், சந்தேகமில்லை. சிஸ்டம் முழுக்க மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. கொலத்தின் இரண்டு முனையில் மட்டும் போடுங்கள், அடிக்கடி கழற்றி மாட்டுவது அங்கேதான். பம்ப், இன்ஜெக்டர், டிடெக்டரில் இருக்கும் ஸ்டீல் ஃபெரூல்களை யாரும் தொடாமல் இருந்தால் அவை பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகும்.

குரோமட்டோகிராமைப் பார்த்தே ஃபிட்டிங்கா கெமிஸ்ட்ரியா என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஐசோகிராட்டிக் (மொபைல் ஃபேஸின் கலவை மாறாத) ஓட்டத்தில் முன்னால் வரும் பீக்குகள் அதிகமாகக் கெட்டு, பின்னால் வருபவை ஏறக்குறைய நன்றாக இருந்தால் கை ஸ்பேனரை நோக்கிப் போகலாம். காலியிடம் எல்லாப் பீக்குக்கும் ஒரே அளவு வேரியன்ஸைத்தான் சேர்க்கிறது, ஒல்லியானவற்றில்தான் அது உறைக்கும். ஒரே ஒரு பீக் மட்டும், அதிலும் காரத்தன்மையுள்ள ஒரு சேர்மம் மட்டும் வால் இழுத்தால் ஃபிட்டிங்கை விடுங்கள், சிலனால் (கொலத்துச் சிலிக்காவின் மேல் இருக்கும் அமிலக் குழுக்கள்), பிஹெச் பக்கம் பாருங்கள். ஓட்டத்தின் நடுவே கலவை மாறிக்கொண்டே போகும் கிரேடியன்டில் இந்தப் பாடம் முழுசாகச் செல்லாது. கொலத்துக்கு முன்னால் உள்ள இடைவெளியின் குற்றத்தைக் கொலத்தின் தலையில் நடக்கும் குவிப்பு மறைத்துவிடும், கொலத்துக்குப் பின்னால் உள்ளது மட்டும் அப்படியே தெரியும். ஐசோகிராட்டிக்கில் ஓடாத சிஸ்டம் கிரேடியன்டில் அழகாக ஓடுகிறதே என்று குழம்புகிறவர்கள் இன்லெட் பக்கத்து நட்டைக் கழற்றிப் பார்க்கலாம்.

சந்தேகம் தீரவில்லையா, கொலத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ஸீரோ டெட் வால்யூம் யூனியனை (உள்ளே காலியிடமே இல்லாத இணைப்பானை) மாட்டி, கொஞ்சம் காஃபீனை இன்ஜெக்ட் செய்யுங்கள். வருகிற பீக்கின் அகலமும் வடிவமும் முழுக்க முழுக்க மெஷினுடையது, கொலத்தின் மேல் பழிபோட வழியில்லை. சிஸ்டம் நன்றாக இருக்கும் நாளில் இதை எடுத்துப் பதிந்து வைத்துக்கொண்டால் பிரச்சினை வரும் நாளில் ஒப்பிட ஏதாவது இருக்கும். இதைச் செய்து வைத்திருக்கும் ஆய்வகங்கள் ஏனோ மிகக் குறைவு.

சரி, உண்மையிலேயே ஒழுகும் லீக்குக்கு வருவோம். சொட்டுகிற லீக் எளிது, சொட்டாத லீக்தான் தலைவலி. நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர் ஓட்டத்தில் 1 சதவீதம் கசிந்தால் 10 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டு உருவாக ஏறக்குறைய 5 நிமிடம் ஆகும், அசிட்டோநைட்ரைல் அதிகமுள்ள மொபைல் ஃபேஸ் என்றால் ஓவன் சூட்டில் அதற்குள் ஆவியாகிவிடும். ஈரமே தெரியாது. ஆனால் கொலத்துக்கு முன்னால் அது நடந்தால் 10 நிமிடத்தில் வர வேண்டிய பீக் 10.1-இல் வரும், கசிவு கூடக்கூட அடுத்த இன்ஜெக்‌ஷனில் இன்னும் கொஞ்சம் தள்ளும். இதைப் பிடிக்க ஓவன் கதவைத் திறந்துவைத்து, டிஷ்யூவின் ஒரு மூலையைக் கூராக மடித்து, ஒவ்வொரு இணைப்பின் பின்பக்கமும் நட்டும் டியூபும் சந்திக்கும் இடத்தில் தொட்டுத்தொட்டுப் பார்க்க வேண்டும். விரலால் தடவினால் தெரியாது, பேப்பர் நனைந்தால் நிறம் மாறுவது தெரியும். பஃபர் ஓடும் சிஸ்டம் என்றால் வெள்ளைப் பொடியே காட்டிக்கொடுத்துவிடும். அந்த உப்பின் மேலேயே நட்டை முறுக்காதீர்கள், மரையையும் கூம்பையும் அது தேய்க்கும். கழற்றி, தண்ணீரில் கழுவி, துடைத்து, அப்புறம்.

பீக்கின் ஏரியா இன்ஜெக்‌ஷனுக்கு இன்ஜெக்‌ஷன் குதிக்கிறது, ரிட்டென்ஷன் நேரம் (பீக் வெளியே வரும் நேரம்) அசையவில்லை என்றால் இன்ஜெக்டரின் நீடில் சீட்டையோ வால்வு ரோட்டரையோ பார்க்க வேண்டும். சாம்பிளில் ஒரு பகுதி கொலத்துக்கே வந்து சேரவில்லை.

பம்புக்கு முந்தைய பக்கத்தில் எல்லாம் தலைகீழ். அங்கே உள்ளே இழுக்கும் சக்திதான் இருக்கிறது, அதனால் தளர்ந்த இணைப்பு ஓடும்போது ஒழுகுவதில்லை, காற்றை உறிஞ்சுகிறது. பிரஷர் ஏறி இறங்கும், டிகாஸர் (கரைப்பானிலிருந்து காற்றை எடுக்கும் கருவி) கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவார்கள். பம்பை நிறுத்திவிட்டு, பாட்டில்கள் மேலே இருக்க, சும்மா விட்டுப் பாருங்கள், ஓடும்போது காய்ந்திருந்த இணைப்பு இப்போது சைஃபனில் மெதுவாக வியர்க்கும். இங்கே இருப்பவை பெரும்பாலும் 1/4-28 மரையுள்ள தட்டையடி ஃபிட்டிங்குகள், அடிப்பகுதி தட்டையாக உட்கார்ந்து அடைப்பவை. கைதான், ஸ்பேனர் வேண்டாம்.

டியூப் வெட்டுவது பற்றி ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் டியூபைக் கத்தரிக்கோலால் வெட்டினால் நுனி சாய்வாக, நசுங்கி இருக்கும், எவ்வளவு தள்ளினாலும் ஒரு பக்கம்தான் அடியைத் தொடும். அதற்கென்று இருக்கும் கட்டரில் வையுங்கள், பிளேடு மழுங்கினால் மாற்றுங்கள். ஸ்டீலை ஆய்வகத்தில் அறுக்க முயலாமல் இருப்பதே நல்லது, பிசிறை எடுப்பதற்குள் உயிர் போகும், வெட்டி மெருகேற்றியே விற்கிறார்கள். எதை வெட்டினாலும் கொலத்தில் மாட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பீக்கரில் ஓட விடுங்கள், துகள் இருந்தால் பீக்கருக்குப் போகட்டும்.

நிறத்தை மட்டும் நம்பி டியூப் எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் டியூபில் சிவப்பு 0.13 மி.மீ. உள்விட்டம், மஞ்சள் 0.18, நீலம் 0.25, ஆரஞ்சு 0.5, பச்சை 0.75. அஜிலென்டின் ஸ்டீல் கேப்பிலரிகளிலோ பச்சை என்றால் 0.17. பச்சைக்குப் பதில் பச்சை என்று எடுத்து மாட்டினால் 30 செ.மீ. நீளத்தில் 7 மைக்ரோலிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 130 வந்து உட்கார்ந்துவிடும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஒல்லியான டியூபாகப் போட்டுத் தள்ளவும் முடியாது, உள்விட்டம் பாதியானால் அதே நீளத்துக்கு அழுத்தம் 16 மடங்கு. டிடெக்டருக்குப் பின்னால் இது இன்னும் முக்கியம்: ஃப்ளோ செல் (டிடெக்டருக்குள் திரவம் ஓடும் சின்ன அறை) தாங்கும் அழுத்தம் கொலம் தாங்குவதில் ஒரு சின்னப் பங்குதான், வேஸ்ட் லைன் அடைத்தாலோ அங்கே மெல்லிய டியூப் போட்டாலோ முதலில் உடைவது செல். அடைப்பு எங்கே என்று தேடும்போதும் டிடெக்டர் முனையிலிருந்து தொடங்கி, ஓட்டத்தைக் குறைத்து வைத்து, ஒவ்வொரு இணைப்பையும் பம்பை நிறுத்தித் திறந்து, மறுபடி ஓட விட்டு, எந்த இடத்தைத் திறந்ததும் அழுத்தம் பொத்தென்று விழுகிறது என்று பார்த்துக்கொண்டே பம்பை நோக்கிப் போவது வழக்கம்.

டிராயரில் எல்லா நட்டும் ஃபெரூலும் ஒரே டப்பாவில் கிடக்கும் பழக்கத்தை ஒழித்தாலே இதில் பாதி வராது. ஒரு கம்பெனி போர்ட்டுக்கு ஒரு பை. ஏற்கெனவே கடித்த ஃபெரூலோடு கழற்றிய டியூப் என்றால் அது எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்று ஒரு சின்னச் சீட்டு ஒட்டி வையுங்கள், சீட்டு இல்லாமல் கிடப்பதை நுனியை வெட்டிவிட்டு புது ஃபெரூல் போட்டு ஓட்டுங்கள், வெட்ட முடியாத ஸ்டீல் என்றால் தூக்கிப் போடுங்கள்.